தவறான லாகின்களை ஃபயர்வால் தானாகத் தடுக்க: எங்கே எண்ணுவது, எங்கே தடுப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான்: லினக்ஸ் சர்வர் ஒன்றில், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக ஓயாமல் யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கிறார்கள். “ஒரு நிமிடத்தில் மூன்று புதிய இணைப்புகளுக்கு மேல் வந்தால் அந்த முகவரியைத் தடு” என்று ஃபயர்வாலில் விதி எழுதியாயிற்று. ஆனாலும் லாகில் (சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டில்) தவறான முயற்சிகள் பெரிதாகக் குறையவில்லை. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நம் பேக்கப் ஸ்கிரிப்ட்தான். விதியில் என்ன தவறு?

எழுதிய விதம் சரியாகவே இருக்கலாம். அது எண்ணுவது வேறு, நீங்கள் எண்ண நினைப்பது வேறு. ஃபயர்வாலுக்குத் தெரிவது பாக்கெட் மட்டும்: எந்த முகவரியிலிருந்து, எந்த போர்ட்டுக்கு, புதிய இணைப்பா பழைய இணைப்பா. எஸ்எஸ்எச் போக்குவரத்து முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் உள்ளே கொடுத்த பாஸ்வேர்டு சரியா தவறா என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை. அது தெரிந்த ஒரே ஆள், சர்வர் பக்கம் எஸ்எஸ்எச் இணைப்புகளை ஏற்கும் நிரலான எஸ்எஸ்எச்டி. அதுவும் லாகில் எழுதி வைப்பதோடு சரி. ஆகவே “தவறான லாகின்” என்று எண்ண வேண்டுமானால் லாகைப் படிப்பவர் ஒருவர் நடுவில் வேண்டும். தடுக்கும் வேலையை மட்டும் ஃபயர்வாலிடம் விட வேண்டும்.

உங்கள் விதி ஏன் இரண்டு பக்கமும் தோற்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். எஸ்எஸ்எச்டியின் மேக்ஸ்ஆத்ட்ரைஸ் அமைப்பு இயல்பில் 6. ஒரே இணைப்புக்குள் ஆறு முறை வரை முயலலாம். நிமிடத்துக்கு மூன்று இணைப்புகளை அனுமதித்தால் நிமிடத்துக்குப் பதினெட்டு பாஸ்வேர்டுகள் விதியைத் தொடாமலே கடந்துவிடும். மறுபக்கம், ஒழுங்காகக் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான மறையாக்கச் சாவி) வைத்து நுழையும் பேக்கப் ஸ்கிரிப்ட் பத்து அடைவுகளைப் பத்துத் தனித்தனி இணைப்புகளில் நகலெடுத்தால் நான்காவதிலேயே பூட்டு விழும். தவறே செய்யாதவர் மாட்டுகிறார். தவறு செய்பவர் தப்புகிறார்.

இன்னொரு அபாயம் பலர் கவனிக்காதது. புதிய இணைப்பின் முதல் பாக்கெட்டை மட்டும் பார்த்துத் தடுக்கும் விதியை, அனுப்புநர் முகவரியைப் போலியாக இட்டு ஏமாற்றலாம். உங்கள் அலுவலகத்தின் முகவரியைப் போட்டு யாராவது நாலு பாக்கெட் அனுப்பினால் அலுவலகமே பூட்டப்படும். லாகில் “பாஸ்வேர்டு தவறு” என்று ஒரு வரி விழ, டிசிபி கைகுலுக்கல் (இரு பக்கமும் பாக்கெட் பரிமாறி இணைப்பைத் தொடங்குவது) முழுவதும் முடிந்து, கீ பரிமாற்றமும் நடந்திருக்க வேண்டும். பதில் பாக்கெட்டைப் பெற முடியாத போலி முகவரியால் அந்த இடத்துக்கு வரவே முடியாது. அந்த வகையில் லாகை நம்பித் தடுப்பது பாதுகாப்பானது.

இனி செய்முறை. பெயர்களை எல்லாம் உச்சரிப்பில் எழுதுகிறேன். ஃபைலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

முதலில் உங்களை நீங்களே பூட்டிக்கொள்ளாத ஏற்பாடு. இப்போது திறந்திருக்கும் எஸ்எஸ்எச் டெர்மினலை வேலை முடியும்வரை மூடாதீர்கள். சோதனையை இரண்டாவது டெர்மினலில் செய்யுங்கள். ஆனால் முதல் டெர்மினலை மட்டும் நம்பிவிடவும் கூடாது. சில தடை விதிகள் ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்பையும் வெட்டும். சர்வர் வாடகைக்கு எடுத்ததென்றால், வழங்குநரின் வலைப்பக்க கன்சோலில் ஒருமுறை நுழைந்து பார்த்து, ரூட் பாஸ்வேர்டு அங்கே வேலை செய்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து, தற்போதைய விதிகளை, லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸின் என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட் கட்டளையின் வெளியீடாக ஒரு ஃபைலில் சேமியுங்கள். அந்த ஃபைலின் முதல் வரியாக ஃப்ளஷ் ரூல்செட் என்று நீங்களே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மீட்கும்போது பழைய விதிகள் புதியவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு இரண்டும் கலந்துவிடும். பிறகு சிஸ்டம்டி-ரன் கட்டளையில் ஆன்-ஆக்டிவ் விருப்பத்துக்கு ஐந்து நிமிடம் கொடுத்து, அந்த ஃபைலை ஏற்றும்படி திட்டமிடுங்கள். விதி சரியாக அமைந்தால் அந்த டைமரை நிறுத்திவிடலாம்; நீங்கள் வெளியே மாட்டிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் கதவு தானாகத் திறக்கும்.

லாகைப் படிக்கும் வேலைக்கு ஃபெயில்2பேன் என்ற நிரல் போதும். பைத்தானில் எழுதப்பட்டது, எல்லா முக்கிய லினக்ஸ் வகைகளிலும் கிடைக்கிறது. டெபியன், உபுண்டுவில் நேரடியாக நிறுவலாம். ரெட்ஹேட் குடும்பத்தில் எபெல் களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டு நிறுவ வேண்டும். ஒரு சேவைக்கான எண்ணும், தடுக்கும் அமைப்புகளின் தொகுப்பை அது ஜெயில் என்கிறது; லாகில் தவறான முயற்சியின் வரியை அடையாளம் காணும் வடிவத்தை ஃபில்டர் என்கிறது. அமைப்புகளை ஜெயில்.கான்ஃப் ஃபைலில் திருத்தாதீர்கள். அது பேக்கேஜுக்குச் சொந்தம், மேம்படுத்தலின்போது மாறும். அதே அடைவில் ஜெயில்.லோக்கல் என்று புதிய ஃபைல் உருவாக்கி, மாற்ற விரும்பும் வரிகளை மட்டும் எழுதுங்கள். ஜெயில்.கான்ஃபை முழுதாக நகலெடுத்து லோக்கலாக வைக்கச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. அப்படிச் செய்தால் அடுத்த பதிப்பில் திருத்தப்பட்டு வரும் இயல்பு மதிப்புகள் எதுவும் உங்களுக்குச் சேராது.

மூன்று எண்கள்தான் முக்கியம். மேக்ஸ்ரெட்ரை என்பது எத்தனை தவறு. ஃபைண்ட்டைம் என்பது எவ்வளவு கால அளவுக்குள். பேன்டைம் என்பது எவ்வளவு நேரம் தடை. இயல்பு மதிப்புகள் 5 தவறு, 10 நிமிடம், 10 நிமிடம். இந்த இயல்பு மதிப்புகள் வேகமான தாக்குதலுக்குச் சரி, பொறுமையான தாக்குதலுக்குப் பயனில்லை. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை முயலும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பத்து நிமிடத்தை வெட்டிப் பார்த்தாலும் அதில் நான்கு தவறுதான் இருக்கும். ஐந்தாவது விழும்போது முதலாவது காலாவதியாகியிருக்கும். ஒரு நாளில் 480 பாஸ்வேர்டுகளை ஒரே முகவரியிலிருந்து போட்டுப் பார்த்தும் ஒருமுறைகூடத் தடையில் சிக்காது. ஃபைண்ட்டைமை ஒரு நாளாக்கினால் அதே நிரல் பன்னிரண்டாம் நிமிடத்தில் பிடிபடும். அதனால் நான் பரிந்துரைப்பது மேக்ஸ்ரெட்ரை 5, ஃபைண்ட்டைம் ஒரு நாள், பேன்டைம் ஒரு மணி நேரம். மனிதர்கள் பாஸ்வேர்டால் நுழையும் சர்வர் என்றால் ஃபைண்ட்டைமை ஆறு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு, மாலையில் மூன்று என்று தவறுபவரைத் தண்டிக்க வேண்டியதில்லை. வெறும் எண்ணாக எழுதினால் அது வினாடி என்பதை மறக்காதீர்கள். பத்து நிமிடம் என்று நினைத்து 10 என்று எழுதி, தடையே விழவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. தடை விழுந்து பத்து வினாடியில் நீங்கியிருக்கும்.

முதல் தடையே ஒரு மாதம் என்று போடுவதை விட, திரும்பத் திரும்ப வருபவருக்கு மட்டும் ஏற்றிக்கொண்டே போவது நல்லது. 0.11 பதிப்பிலிருந்து பேன்டைம்.இன்க்ரிமெண்ட் என்ற அமைப்பு இருக்கிறது. அதை ட்ரூ என்று வைத்தால் அதே முகவரி மறுபடி மாட்டும் ஒவ்வொரு முறையும் தடை இரட்டிக்கும்: 1 மணி, 2, 4, 8 என்று. பேன்டைம்.மேக்ஸ்டைமுக்கு ஒரு வாரம் கொடுத்தால் ஒன்பதாவது தடையில் அந்த உச்சவரம்பைத் தொடும். இங்கே ஒரு கண்ணி. பழைய தடைகளின் நினைவு ஃபெயில்2பேனின் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை டிபிபர்ஜ்ஏஜ் முடிவு செய்கிறது. அதன் இயல்பு மதிப்பு ஒரே நாள். இரண்டு நாள் இடைவெளி விட்டு வருபவர் புதியவராகவே கணக்கிடப்படுவார், இரட்டிப்பு நடக்காது. அதை ஒரு மாதமாக உயர்த்துங்கள். இந்த வரி ஜெயில்.லோக்கலில் அல்ல, ஃபெயில்2பேன்.லோக்கல் என்ற ஃபைலில் இருக்க வேண்டும்.

எப்போதும் தடுக்கக் கூடாத முகவரிகளுக்கான இக்னோர்ஐபியில் 127.0.0.1/8, ஐபிவி6-இன் லூப்பேக் (இயந்திரம் தன்னையே குறிக்கும்) முகவரி, உங்கள் நிலையான முகவரி, பேக்கப் சர்வர், கண்காணிப்பு சர்வர் ஆகியவற்றை இடைவெளி விட்டு ஒரே வரியில் எழுதுங்கள். இந்த விலக்கை உங்கள் சொந்த ஃபயர்வால் விதியில் எழுதினால் போதாதா என்றால், போதாது. என்எஃப்டேபிள்ஸில் ஒரு டேபிளில் (விதித் தொகுப்பில்) ஏற்கப்பட்ட பாக்கெட், அதே ஹூக்கில் (பாக்கெட் செல்லும் வழியில் விதிகள் மாட்டப்படும் இடத்தில்) மாட்டியிருக்கும் அடுத்த டேபிளின் செயினுக்கும் (விதி வரிசைக்கும்) போய்ச் சேரும். ஏற்பு இறுதியல்ல, நிராகரிப்பு மட்டுமே இறுதி. ஃபெயில்2பேன் தனக்கென்று எஃப்2பி-டேபிள் என்று ஒன்றை வைத்துக்கொள்கிறது. உங்கள் டேபிளில் என்னதான் அனுமதித்தாலும் அங்கே தடை இருந்தால் தடைதான்.

பேன்ஆக்‌ஷன் (எதைக் கொண்டு தடுப்பது என்ற அமைப்பு) உங்கள் இயந்திரத்தில் உண்மையில் இயங்கும் ஃபயர்வாலோடு பொருந்த வேண்டும். ஜெயில்.கான்ஃபில் பலகாலமாக இருந்துவரும் மதிப்பு ஐபிடேபிள்ஸ்-மல்டிபோர்ட். புதிய டெபியனில் என்எஃப்டேபிள்ஸ் என்று மாற்றுங்கள். ரெட்ஹேட் குடும்பத்தில் ஃபெயில்2பேன்-ஃபயர்வால்டி என்ற துணைப் பேக்கேஜை நிறுவினால் அதுவே பொருத்தமானதை அமைத்துவிடும். உபுண்டுவின் எளிய ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூ பயன்படுத்துபவர் யுஎஃப்டபிள்யூ என்றே கொடுக்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: யுஎஃப்டபிள்யூவில் நிலைபெற்ற இணைப்புகளை ஏற்கும் விதி பயனர் விதிகளுக்கு முன்னால் இருக்கிறது. அதனால் தடை விழுந்த பிறகும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பில் தாக்குபவர் மிச்ச முயற்சிகளைத் தொடரலாம். ஐபிடேபிள்ஸ், என்எஃப்டேபிள்ஸ் செயல்களில் தடை முன்னால் நிற்பதால் திறந்த இணைப்பும் அந்தக் கணமே அடைபடும்.

மல்டிபோர்ட் வகைத் தடை, ஜெயிலில் போர்ட் என்று எழுதியதை மட்டுமே மூடும். எஸ்எஸ்எச்சை 22-இலிருந்து வேறு எண்ணுக்கு மாற்றியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஜெயிலில் போர்ட் = எஸ்எஸ்எச் என்றே இருக்கும்; ஃபெயில்2பேன் லாகைச் சரியாகப் படிக்கும், முகவரியைப் பட்டியலில் சேர்க்கும், 22-ஐ மூடும். தாக்குபவர் 2222-இல் தொடர்வார். ஸ்டேட்டஸ் கட்டளை தடை இருக்கிறது என்று சொல்லும், லாகிலோ அதே முகவரி வந்துகொண்டிருக்கும். ஜெயிலில் அசல் போர்ட் எண்ணை எழுதுங்கள்.

அடுத்தது, இப்போதைய காலத்தில் மிக அதிகம் பேரைச் சிக்க வைக்கும் இடம்: லாக் எங்கே இருக்கிறது என்பது. டெபியன் 12-இலிருந்து, லாகை ஃபைலாக எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை. எனவே ஆத்.லாக் என்ற ஃபைலே அங்கே இருக்காது. எல்லாம் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் இருக்கும். ஃபெயில்2பேன் அந்த ஃபைலைத் தேடிக் கிடைக்காமல், எஸ்எஸ்எச்டி ஜெயிலுக்கு லாக் ஃபைல் எதுவும் இல்லை என்று சொல்லித் தொடங்கவே மறுக்கும். தீர்வு, ஜெயிலில் பேக்எண்ட் = சிஸ்டம்டி என்று எழுதுவது. பைத்தான்3-சிஸ்டம்டி பேக்கேஜும் இருக்க வேண்டும்.

இதைவிட மோசமானது சத்தமில்லாத தோல்வி. 2024 ஜூலையில் வெளிவந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.8, ஒரே நிரலாக இருந்த எஸ்எஸ்எச்டியை இரண்டாகப் பிரித்தது. இணைப்புகளைக் கேட்கும் வேலை எஸ்எஸ்எச்டியிடம். ஒவ்வொரு இணைப்பையும் நடத்துவது எஸ்எஸ்எச்டி-செஷன். தவறான பாஸ்வேர்டு பற்றிய வரிகள் இப்போது இரண்டாவதன் பெயரில் விழுகின்றன. ஃபெயில்2பேனின் பழைய ஃபில்டர் ஜர்னலில் எஸ்எஸ்எச்டி என்ற பெயரை மட்டும் தேடும். டெபியன் குடும்பத்தில் சேவையின் பெயர் எஸ்எஸ்எச்.சர்வீஸ் என்பதால், எஸ்எஸ்எச்டி.சர்வீஸ் என்று தேடும் அதன் மற்றப் பாதியும் பொருந்தாது. ஃபெயில்2பேன் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது, எண்ணிக்கை மட்டும் பூஜ்ஜியத்திலேயே நிற்கும். ஜெயிலில் ஜர்னல்மேட்ச் வரியை நீங்களே எழுதி, எஸ்எஸ்எச்.சர்வீஸ் என்ற யூனிட்டையும் எஸ்எஸ்எச்டி-செஷன் என்ற நிரல் பெயரையும் கூட்டல் குறியால் இணையுங்கள்; அங்கே கூட்டல் குறிக்கு “அல்லது” என்று பொருள். ஃபில்டருக்குள் நிரலின் பெயரைக் குறிக்கும் வரியும் புதிய பெயரை ஏற்கிறதா என்று பாருங்கள்.

ஓடுகிறது என்பதும் வேலை செய்கிறது என்பதும் ஒன்றல்ல என்பதால் சோதனையை விடக் கூடாது. ஃபெயில்2பேன்-கிளையண்ட் கட்டளைக்குச் சிறிய டி கொண்ட சோதனை விருப்பத்தைக் கொடுத்தால் அமைப்பு ஃபைல்களில் பிழை இருந்தால் சொல்லும். ஃபெயில்2பேன்-ரெஜெக்ஸ் கட்டளைக்கு லாகையும் ஃபில்டரின் பெயரையும் கொடுத்தால் எத்தனை வரி பொருந்தியது, எத்தனை தவறியது என்று எண்ணிக்கை தரும். நிஜமான தவறு லாகில் இருந்தும் பொருந்தியது பூஜ்ஜியம் என்று வந்தால் கோளாறு ஃபில்டரில். பொருந்துகிறது ஆனால் தடை விழவில்லை என்றால் பெரும்பாலும் நேர மண்டலக் குழப்பம்: லாக் ஒரு நேரத்திலும் இயந்திரம் வேறொரு நேரத்திலும் இருந்தால் சற்றுமுன் நடந்த தவறுகூடப் பல மணி நேரப் பழையதாகத் தெரிந்து, ஃபைண்ட்டைமுக்கு வெளியே தள்ளப்படும். தடுக்கும் பகுதியைத் தனியாகச் சோதிக்க, எஸ்எஸ்எச்டி ஜெயிலில் பேன்ஐபி கட்டளையால் 203.0.113.7 என்ற முகவரியைத் தடை செய்யுங்கள். அந்தத் தொகுதி எடுத்துக்காட்டுகளுக்கென்று ஒதுக்கப்பட்டது, யாரையும் பாதிக்காது. பிறகு என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட் கொடுத்து, அந்த முகவரி செட்டில் (ஃபயர்வாலின் முகவரிப் பட்டியலில்) உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அன்பேன்ஐபியால் நீக்குங்கள். கடைசியாக, வேறொரு நெட்வொர்க்கிலிருந்து இல்லாத பயனர் பெயரில் ஐந்து முறை முயன்று பாருங்கள்.

பல வாரம் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று தடைகள் காணாமல் போனால், யாரோ என்எஃப்டேபிள்ஸ் விதி ஃபைலைக் கையால் மறுபடி ஏற்றியிருப்பார்கள். அந்த ஃபைலின் தலையில் ஃப்ளஷ் ரூல்செட் என்ற வரி வழக்கமாக இருக்கும். அது உங்கள் விதிகளோடு ஃபெயில்2பேனின் டேபிளையும் சேர்த்தே அழிக்கும். ஃபெயில்2பேனுக்கு அது தெரியாது. விதி ஃபைலில் மொத்தத்தையும் அழிக்காமல் உங்கள் டேபிளை மட்டும் அழிக்கும்படி எழுதிக்கொள்ளுங்கள், அல்லது ஏற்றிய கையோடு ஃபெயில்2பேனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நினைவில் உள்ள தடைகளை அது மறுபடி போட்டுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் இணைப்பு எண்ணிக்கையைப் பார்க்கும் விதிக்கு ஒரு வேலை இருக்கிறது. லாகின் வரை வராமல் இணைப்பை மட்டும் மழையாகத் திறந்து வைப்பவர்களுக்கு அது. எஸ்எஸ்எச்டியின் மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் இயல்பில் 10:30:100. உள்நுழையாத இணைப்புகள் பத்தைத் தொட்டதும் புதியவற்றில் 30 சதவீதத்தைத் தள்ளத் தொடங்கும், நூறில் எல்லாவற்றையும் தள்ளும். அதாவது மழை பெய்தால் நீங்களும் நுழைய முடியாது. அதைத் தடுக்கும் விதியைத் தாராளமாக எழுதுங்கள்: முகவரிக்கு நிமிடத்துக்கு 10, வெடிப்புக்கு (ஒரே மூச்சில் வருபவற்றுக்கு) 20. என்எஃப்டேபிள்ஸில் வெடிப்பு எண்ணைக் கொடுக்காவிட்டால் அது 5 என்று எடுத்துக்கொள்ளும், அது ஸ்கிரிப்டுகளுக்குப் போதாது.

விதிகளின் வரிசை இப்படி: லூப்பேக் ஏற்பு, நிலைபெற்ற இணைப்புகள் ஏற்பு, விலக்குப் பட்டியலில் உள்ளவர்கள் ஏற்பு, தடைப் பட்டியலில் உள்ளவர்கள் நிராகரிப்பு, அதன் பிறகே அளவை மீறுபவரைத் தடைப் பட்டியலில் சேர்க்கும் விதி, கடைசியில் 22-க்கு ஏற்பு. இரண்டு செட்கள் வேண்டும்: ஒன்று ஒவ்வொரு முகவரியின் வேகத்தை அளக்க, மற்றது தடை செய்யப்பட்டவர்களை வைத்திருக்க. இரண்டுக்கும் டைனமிக், டைம்அவுட் கொடிகளும், சைஸ் அளவும் கொடுங்கள். 65535 போதும். அளக்கும் செட்டுக்குக் கால வரம்பு கொடுக்க மறந்தால் அது நிரம்பிக்கொண்டே போகும். நிரம்பியபின் புதிய முகவரி சேராது, விதி பொருந்தாது, பாக்கெட் அடுத்த வரியில் ஏற்கப்பட்டுவிடும். தடைப் பட்டியலில் சேர்க்க ஆட் என்பதற்கும் அப்டேட் என்பதற்கும் வேறுபாடு உண்டு. அப்டேட் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தை மறுபடி தொடக்கத்துக்கு வைக்கும், ஆட் வைக்காது. இன்னும் ஐபிடேபிள்ஸ் ரீசன்ட் மாட்யூலில் இருப்பவர்களுக்கு இதே வேறுபாடு அப்டேட், ஆர்செக் என்ற பெயர்களில் வரும். அதோடு அந்த மாட்யூல் இயல்பில் நூறு முகவரிகளை மட்டுமே நினைவில் வைக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நூற்றொன்றாவது வந்தால் மிகப் பழையது வெளியேறும்.

ஐபிவி6 திறந்திருந்தால் இன்னொரு கணக்கு. ஒரு சாதாரண இணைப்புக்கே /64 தொகுதி முழுவதும் தரப்படுகிறது. ஒரு முகவரியைத் தடுத்தால் தாக்குபவர் அடுத்ததற்கு நகர்வார், அவரிடம் முகவரி தீரவே தீராது. என்எஃப்டேபிள்ஸ் விதியில் அனுப்புநர் முகவரியை முதல் 64 பிட்டுக்கு மறைத்துச் செட்டில் சேர்த்தால் தொகுதி மொத்தமும் ஒரே ஆளாக எண்ணப்படும்.

எஸ்எஸ்எச் அல்லாத லாகின்களுக்கும், அதாவது வலைத்தளத்தின் நிர்வாகப் பக்கம், மெயில் போன்றவற்றுக்கும் இதே முறை செல்லும். இரண்டு இடத்தில் மட்டும் உடையும். முன்னால் ரிவர்ஸ் ப்ராக்ஸி (கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் இடைநிலை சர்வர்) இருந்தால் லாகில் எல்லோருமே ப்ராக்ஸியின் முகவரியில் தெரிவார்கள். ஐந்து தவறில் ப்ராக்ஸியே தடைபட்டு, தளம் மொத்தமும் விழும். என்ஜின்எக்ஸில் ரியல்ஐபி அமைப்பால் உண்மையான முகவரியை லாகுக்குக் கொண்டுவரலாம். ஆனால் அப்போதும் பாக்கெட் வருவது ப்ராக்ஸியிடமிருந்துதான்; அந்த இயந்திரத்து ஃபயர்வாலில் உண்மையான முகவரியைத் தடுத்து ஒன்றும் ஆகாது. தடை ப்ராக்ஸி நிற்கும் இடத்தில் விழ வேண்டும். மற்றது, நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனி உறைகளில் இயக்கும் டாக்கர். அது வெளியிடும் போர்ட்டுகளுக்கான பாக்கெட்டுகள் இன்புட் செயினைத் தொடாமல் ஃபார்வர்டு வழியே போகின்றன. ஐபிடேபிள்ஸ் செயலைப் பயன்படுத்தும் ஜெயிலில் செயின் = டாக்கர்-யூசர் என்று கொடுங்கள்; இந்தப் பெயர் மட்டும் பேரெழுத்தில். அந்தக் கட்டத்தில் போர்ட் எண் கண்டெய்னருக்குள் இருக்கும் எண்ணாக மாறியிருக்கும் என்பதால், எல்லா போர்ட்டையும் மூடும் ஆல்போர்ட்ஸ் செயலே பிழையில்லாதது.

சொந்தமாக ஃபில்டர் எழுதுபவர்கள் வரியின் தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் கட்டாயம் இடுங்கள். பயனர் பெயர் என்பது தாக்குபவர் தட்டச்சு செய்வது. அதற்குள் லாக் வரி போன்ற ஒரு சொற்றொடரையும் வேறொருவருடைய முகவரியையும் அவர் நுழைத்தால், தளர்வான ஃபில்டர் அந்த அப்பாவி முகவரியைத் தடுத்துவிடும்.

தடையை விடப் பெரிய காப்பு பாஸ்வேர்டையே நிறுத்துவது. தாக்குபவர் ஆயிரம் முகவரிகளிலிருந்து முகவரிக்கு இரண்டே முயற்சி என்று வந்தால் எந்த எண்ணிக்கை விதியும் அவரைப் பிடிக்காது. பப்ளிக் கீயை நிறுவி, அதில் நுழைய முடிகிறது என்று பார்த்தபின், பாஸ்வேர்டுஆதென்டிகேஷன், கேபிடிஇண்டராக்டிவ்ஆதென்டிகேஷன் இரண்டையும் நோ என்று வையுங்கள். முதன்மை ஃபைலில் மாற்றிவிட்டு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். எஸ்எஸ்எச்டி ஒரே அமைப்பு இருமுறை வந்தால் முதலில் படித்ததையே எடுத்துக்கொள்ளும். டெபியனிலும் உபுண்டுவிலும் துணை அடைவைச் சேர்க்கும் வரி முதன்மை ஃபைலின் தலையிலேயே இருக்கிறது. கிளவுட் இமேஜ்கள் பலவற்றில் அந்த அடைவில் 50-கிளவுட்-இனிட் என்ற ஃபைல் பாஸ்வேர்டை அனுமதித்து வைத்திருக்கும். நீங்கள் கீழே எழுதிய நோ செல்லாது. எஸ்எஸ்எச்டி கட்டளைக்குப் பெரிய டி விருப்பம் கொடுத்தால் உண்மையில் நடைமுறையில் இருக்கும் மதிப்புகளை அச்சிடும். அதைப் பார்த்தே நம்புங்கள். பாஸ்வேர்டை நிறுத்தியபின் லாக் வரிகளும் மாறும். உள்ளே வராமலே இணைப்பு மூடப்பட்டது என்ற வகை வரிகளை ஃபில்டரின் இயல்பு நிலை எண்ணாது; அவற்றையும் எண்ண வேண்டுமானால் ஜெயிலில் மோட் = அக்ரஸிவ் என்று கொடுக்க வேண்டும்.

ஓபன்எஸ்எஸ்எச் 9.8-இலேயே பெர்சோர்ஸ்பெனால்டிஸ் என்ற வசதியும் வந்து, இயல்பாகவே இயங்குகிறது. தவறான முயற்சியோடு முடிந்த ஒவ்வொரு இணைப்புக்கும் அந்த முகவரியின் கணக்கில் 5 வினாடி தண்டனை சேரும். மொத்தம் 15 வினாடியைத் தாண்டினால் மறுப்பு தொடங்கும், உச்சம் 10 நிமிடம். லாகின் தவறு என்று அறிந்தவரே தடுப்பதால் நடுவில் ஃபில்டர் எதுவும் உடைய வழியில்லை. சிறிய சர்வருக்கு, கீ மட்டுமே அனுமதி என்ற நிலையில், இதுவே போதும் என்பேன். இதற்குத் தனி விலக்குப் பட்டியல் உண்டு: பெர்சோர்ஸ்பெனால்டிஎக்ஸெம்ப்ட்லிஸ்ட். ஃபெயில்2பேனின் இக்னோர்ஐபி இங்கே செல்லாது.

முகவரிக்குப் பதில் கணக்கைப் பூட்டும் பாம்_ஃபெயில்லாக்கைச் சிலர் பரிந்துரைப்பார்கள். இயல்பில் 15 நிமிடத்துக்குள் 3 தவறு நேர்ந்தால் அந்தக் கணக்கு 10 நிமிடம் பூட்டப்படும். பயனர் பெயர் தெரிந்த எவரும் உலகின் எந்த மூலையிலிருந்தும் உங்களை வெளியே நிறுத்தி வைக்கலாம் என்பதால் இணையத்துக்குத் திறந்த எஸ்எஸ்எச்சுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் பேக்கப்புக்கு வருவோம். பேக்கப் எடுக்கும் இயந்திரத்தின் முகவரியை இக்னோர்ஐபியிலும், என்எஃப்டேபிள்ஸ் விலக்குச் செட்டிலும், புதிய ஓபன்எஸ்எஸ்எச் என்றால் தண்டனை விலக்குப் பட்டியலிலும் ஆக மூன்று இடத்திலும் சேருங்கள். பிறகு அந்த இயந்திரத்தின் எஸ்எஸ்எச் கிளையண்ட் அமைப்பில் கன்ட்ரோல்மாஸ்டர் ஆட்டோ, கன்ட்ரோல்பெர்சிஸ்ட் 10 நிமிடம், கன்ட்ரோல்பாத்துக்கு அந்தப் பயனரின் எஸ்எஸ்எச் அடைவுக்குள் ஒரு சாக்கெட் ஃபைல் என்று கொடுத்தால், பத்து நகலெடுப்பும் ஒரே இணைப்பின் வழியாகவே போகும். ஒரே நேரத்தில் அந்த இணைப்புக்குள் ஓடக்கூடிய செஷன்களுக்கு மேக்ஸ்செஷன்ஸ் வரம்பு இயல்பில் 10. ஸ்கிரிப்ட் அதைவிட அதிகமாக இணையாக ஓடினால் சர்வரில் அந்த எண்ணை உயர்த்திக்கொள்ளுங்கள். அந்த இயந்திரத்தின் ஏஜெண்டில் நிறையக் கீகள் ஏற்றியிருந்தால் ஐடென்டிடிஸ்ஒன்லியை யெஸ் என்று வைத்து, தேவையான ஒரு கீயை மட்டும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் பொருந்தாத ஒவ்வொரு கீயும் அந்த ஆறு முயற்சிகளில் ஒன்றைத் தின்று, சரியான கீயின் முறை வருவதற்குள் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும்.